வறுத்த ஊலாங்: பெயருக்கு விலையா, இலைக்கு விலையா?

2005-ம் ஆண்டு சீனாவில் ஓர் ஏலம் நடந்தது. ஏலத்துக்கு வந்தது வெறும் 20 கிராம் தேயிலை. போன விலை 2,08,000 யுவான்! அதாவது ஒரு கிராம் 10,400 யுவான். அன்றைய தங்கத்தின் விலையைவிடப் பல மடங்கு அதிகம். அந்தத் தேயிலையின் பெயர் தா ஹோங் பாவ். 'பெரிய சிவப்பு அங்கி' என்று அர்த்தம். கரி நெருப்பில் வறுத்து எடுக்கப்படும் ஊலாங் வகை.

இதே பெயரில் சாதாரண ஆள் வாங்கிக் குடிக்கிற விலையிலும் தேயிலை கிடைக்கிறது. பெயர் ஒன்றுதான், விலை மட்டும் ஏன் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது? கொடுக்கிற காசுக்குத் தரம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தேயிலை வியாபாரத்தில் இது மிகவும் பழைய கேள்வி.

வறுப்பது எதற்கு?

பறித்த இலையை உடனே சூடாக்கி, நிறம் மாறாமல் தடுத்தால் பச்சைத் தேயிலை. முழுக்க மாற விட்டால் டீக்கடைகளில் போடும் கறுப்புத் தேயிலை. நடுவில் நிறுத்தினால் ஊலாங். இதன் தாய்வீடு சீனாவின் ஃபூஜியன் மாகாணம். தமிழில் 'தேயிலை' என்கிறோமே, அதில் உள்ள 'தே'கூட அந்த மாகாணத்துத் துறைமுகப் பேச்சிலிருந்து ஐரோப்பியர் கப்பல் வழியாக உலகம் சுற்றி வந்த சொல்தான்.

ஃபூஜியனின் வடக்கே வூயி மலை இருக்கிறது. மழையும் மூடுபனியும் அதிகம். இலையில் ஈரம் தங்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். வீட்டில் ரவையை வறுத்து டப்பாவில் போட்டு வைப்பதில்லையா? அதே யோசனைதான் இதுவும். புகை அடங்கிய கரித்தணலைச் சாம்பலால் மூடி, அதன்மேல் மூங்கில் கூடையில் இலையைப் பரப்பி, மணிக்கணக்கில் வாட்டுவார்கள். சில வாரங்கள் ஆறப் போட்டு, மறுபடியும் வாட்டுவார்கள். கெடாமல் இருக்கச் செய்த இந்த வேலை புதிதாக ஒரு மணத்தையும் கொடுத்தது. இலையில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிந்து, வறுத்த கடலை, காய்ச்சிய வெல்லம் மாதிரியான வாசனை வரும்.

இங்கேதான் சிக்கல். நெருப்பு நல்ல இலையை உயர்த்தும். மட்டமான இலையை மறைக்கவும் செய்யும்! பழைய சரக்கைக் கருக வறுத்துவிட்டால், வாங்குகிறவர் மூக்குக்கு வித்தியாசம் தெரியாது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று 1970-ல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதினார். அவர் உதாரணம் காட்டியது பழைய கார்களை. தேயிலைக்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இதை அனுபவித்துவிட்டார்கள். தப்பிக்க மூன்று வழிகளையும் முயன்று பார்த்தார்கள்.

முதல் வழி: பெயர்

வூயி என்ற பெயரை ஆங்கிலேயர்கள் 'போஹீ' என்று உச்சரித்தார்கள். ஆரம்பத்தில் அது மதிப்பான பெயர். பிறகு கண்ட இலைக்கும் அந்தப் பெயரை வைத்து விற்றதில், கடைசியில் 'போஹீ' என்றாலே மட்டமான தேயிலை என்று ஆகிவிட்டது. 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் வீசப்பட்ட 340 பெட்டிகளில் 240 பெட்டிகள் போஹீதான்.

இரண்டாவது வழி: வறுப்பைத் தன் கையில் எடுப்பது

1860-களில் ஜான் டாட் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி தைவானுக்கு வந்தார். ஃபூஜியனின் அன்ஷி பகுதியிலிருந்து செடிகளைக் கொண்டுவந்து, விவசாயிகளுக்குக் கடன் கொடுத்துப் பயிரிடச் செய்தார். அதுவரை தைவான் இலை கடல் தாண்டி அமோய் துறைமுகத்துக்குப் போய்த்தான் பக்குவப்பட்டது. டாட் அந்த வேலையைத் தைபேயிலேயே தொடங்கினார். 1869-ல் இரண்டு கப்பல்களில் சுமார் 127 டன் தேயிலை 'ஃபார்மோசா ஊலாங்' என்ற பெயரில் நேராக நியூயார்க் போனது. நல்ல வரவேற்பு. ஆனால் பின்னாளில் இந்திய, இலங்கைத் தேயிலைகள் அமெரிக்கச் சந்தையில் போட்டிக்கு வந்தபோது அது பின்தங்கியது.

மூன்றாவது வழி: போட்டி

தைவானின் டோங்டிங் மலை இருக்கும் லூகு ஊரில், 1976-ல் விவசாயிகள் சங்கம் ஒரு தேயிலைப் போட்டியைத் தொடங்கியது. யார் சரக்கு என்று நடுவருக்குத் தெரியாது, எண் மட்டும்தான் இருக்கும். சுவைத்துப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். பிறகு சங்கமே பெட்டியில் அடைத்து முத்திரை ஒட்டும். எளிய ஏற்பாடுதான், ஆனால் விற்பவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியத்தை இது வாங்குபவருக்கும் கொடுத்துவிட்டது. பரிசு வாங்கிய பெட்டிக்குக் கூடுதல் விலை கிடைத்ததால், பொறுமையாக வறுக்கும் விவசாயிக்கு அந்த உழைப்புக்கு ஏற்ற வரும்படி வந்தது.

மறுபடியும் பெயர்

வூயியில் கதை வேறு மாதிரி போனது. பாறை இடுக்குகளில் விளைவதுதான் அசல் என்பது அங்கே பழைய நம்பிக்கை. 2002-ல் வந்த தேசியத் தர விதி விளைநிலத்தை இரண்டாகப் பிரித்தது. 2006-ல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. வூயிஷான் நகர எல்லைக்குள் எங்கே விளைந்தாலும் 'வூயி பாறைத் தேயிலை' என்று சொல்லலாம் என்றாகிவிட்டது. அதே 2006-ல், பாறை மேல் நிற்கும் 6 தா ஹோங் பாவ் தாய்ச்செடிகளில் இலை பறிப்பதும் நிறுத்தப்பட்டது. கடைசியாகப் பறித்ததில் 20 கிராம் 2007-ல் பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது. ஆக, இன்று கடையில் இருக்கும் எந்த தா ஹோங் பாவும் அந்தச் செடிகளின் இலை அல்ல. அவற்றின் கிளையை நட்டு வளர்த்தவை, அல்லது பல வூயி இலைகளின் கலவை. அதில் தப்பில்லை. நல்ல கலவை நல்ல தேநீர்தான். ஏலத்துக் கதையைச் சொல்லிக் கலவையை விற்றால்தான் தப்பு!

அப்படியானால் கணக்கு எப்படி?

மூன்று விஷயம் பார்த்தால் போதும். வடிநீர் தெளிவாகத் தேன் நிறத்தில் இருக்கிறதா, கலங்கிக் கறுத்திருக்கிறதா? ஊறிய இலை விரிகிறதா, கரிக்கட்டை மாதிரி அப்படியே கிடக்கிறதா? மூன்றாம் தடவை வெந்நீர் ஊற்றும்போதும் சுவை நிற்கிறதா?

கடைசிக் கேள்விதான் காசு சம்பந்தப்பட்டது. கிராம் 5 ரூபாய்க்கு ஒரு தேயிலை, 12 ரூபாய்க்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தடவைக்கு 5 கிராம் போட்டால் 25 ரூபாயும் 60 ரூபாயும் ஆகும். முதலாவது இரண்டு தடவையில் செத்துவிட்டால் ஒரு தடவைக்கு 12.50 ரூபாய். இரண்டாவது எட்டுத் தடவை தாங்கினால் 7.50 ரூபாய்தான். எது மலிவு?

போஹீ என்ற பெயர் நாசமானது, லூகுவின் முத்திரை மதிப்புப் பெற்றது. இரண்டுமே பெயர்கள்தான். ஒன்றின் பின்னால் சுவைத்துப் பார்க்க ஆள் இருந்தார்கள், மற்றதன் பின்னால் யாரும் இல்லை. அடுத்த முறை பெட்டியில் இருக்கும் கதையைப் படிக்கும்போது, குடித்து முடித்த கோப்பையின் அடியில் கிடக்கும் இலையையும் கொஞ்சம் பாருங்கள்.