தொழுநோயும் உணவும்: கருவாட்டிலிருந்து துத்தநாகம் வரை

தொழுநோய் கண்ட குழந்தைகளின் இரத்தத்தில் துத்தநாகம், இரும்பு, உயிர்ச்சத்துகள் எவ்வளவு உள்ளன என்று அளப்பது அண்மைக்கால ஆய்வுமுறை. ஆனால் இந்நோய்க்கு உணவில் காரணம் தேடும் வழக்கம் பழையது.

1873இல் நார்வே மருத்துவர் ஆன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அதற்குப் பிறகும் இலண்டன் அறுவை மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன், சரியாகப் பதப்படுத்தாத மீனை உண்பதே நோய்க்கு மூலம் என்று விடாமல் வாதிட்டார். எழுபது வயதைக் கடந்தபின் இந்தியாவுக்கே வந்து சான்று தேடினார். 1906இல் அதை நூலாகவும் வெளியிட்டார். 1890-91இல் இந்தியாவில் ஆராய்ந்த தொழுநோய் ஆணையம் மீன் கொள்கையை ஏற்றிருக்கவில்லை.

தாமிரபரணிப் படுகையில் பொருத்திப் பார்த்தாலே இக்கொள்கையின் பலவீனம் தெரியும். ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயல் பகுதிக் கடற்கரையில் கருவாடு அன்றாட உணவு; திருநெல்வேலிச் சந்தைகளுக்கும் அது வருகிறது. மீனே காரணமென்றால் கரையோர ஊர்களில்தான் நோய் குவிந்திருக்க வேண்டும். சென்னை மாகாணத்திலோ கடலே இல்லாத வட ஆர்க்காட்டு ஊர்களிலும் நோய் மிகுந்திருந்தது. மீனைத் தொடாதவர்களுக்கும் அது வந்தது.

குழந்தைகள் பக்கம் கவனம் திரும்பியது பின்னர்தான். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன், குழந்தைப் பருவத் தொற்றைத் தடுப்பதை வலியுறுத்தினார். நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், சிறுவரிடம் புதிய நோய் தென்படுவது அவ்வூரில் தொற்று இன்னும் பரவுவதற்கு அடையாளம்.

தொழுநோயாளிகளின் இரத்தத்தில், குறிப்பாகக் கிருமி மிகுந்த லெப்ரோமட்டஸ் வகையில், துத்தநாகம் குறைந்திருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் பல காட்டின. இங்கே அவசர முடிவு கூடாது. எந்தத் தொற்றிலும் உடல் இரத்தத்துத் துத்தநாகத்தைக் கல்லீரலுக்கு இழுத்துக்கொள்ளும். அதைச் சுமக்கும் ஆல்புமின் புரதமும் குறையும். ஆகவே குறைந்த அளவு நோயின் விளைவாகவும் இருக்கலாம், வறுமை உணவின் விளைவாகவும் இருக்கலாம். ஒரே ஒரு இரத்தச் சோதனையால் இரண்டையும் பிரிக்க இயலாது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சில தேமல்களே தோன்றும். பெரியவர்களின் லெப்ரோமட்டஸ் அளவுகளை அவர்கள்மேல் அப்படியே ஏற்றுவதும் தவறு.

இரும்பின் நிலை வேறு. கூட்டு மருந்துச் சிகிச்சையில் உள்ள டாப்சோன் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். ஏற்கெனவே சோகை பிடித்த குழந்தைக்கு இது கூடுதல் சுமை. அதனால் ஹீமோகுளோபினைப் பார்த்து, சோகைக்கும் சேர்த்தே மருத்துவம் செய்கிறார்கள். கிருமியைக் கொல்வது கூட்டு மருந்துதான். சத்து மாத்திரை அதன் இடத்தைப் பிடிப்பதில்லை.