கொள்ளிடம் போகும் வழியிலேயே ஒரு படகுப் பயணம்: ரிட்டயர் ஆன ஸ்ரீரங்கம் தம்பதிகளுக்கு!

ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளுக்கு மாசி மாசம் தெப்பம் உண்டு. நமக்கு? தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம் என்று ரெண்டு பக்கமும் ஆறு ஓடுகிற தீவில் முப்பது வருஷம் குடியிருந்துவிட்டு, படகில் கால் வைத்ததே இல்லை என்று சொல்பவர்கள் இங்கே ஏராளம். பாலத்தைத் தாண்டினால் ஓடத்துறை என்றே ஓர் இடம் இருக்கிறது. பெயரில் மட்டும்தான் இப்போது ஓடம் மிச்சம்!

ரிட்டயர் ஆன பிறகு கணவனும் மனைவியுமாக ஒரு படகுப் பயணம் போக ஆசையா? ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளில் அரை மணி நேரம் சுற்றி வருவதை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு வடக்கே ஓடுகிற கொள்ளிடத்தையே பிடித்துக்கொண்டு கடல் வரை போங்களேன். முக்கொம்பில் பிரிகிற அந்த ஆறு கடலைத் தொடுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் பிச்சாவரம் இருக்கிறது. படகு அங்கே காத்திருக்கிறது. மூன்று, நான்கு நாள் இருந்தால் நிதானமாகப் போய்வரலாம்.

கிளம்பும் முன் குடும்பத்தோடு பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ரிட்டயர் ஆனவர்களின் பயணம் என்றாலே அது பெரும்பாலும் பிள்ளைகள் வீட்டுக்குத்தான். பேரனுக்கு லீவு, மருமகளுக்கு ஆபீஸ், அதனால் அம்மாவும் அப்பாவும் பெட்டியைக் கட்டு! இந்த ஒரு தடவை அதைத் தலைகீழாக மாற்றுங்கள். தேதியை நீங்கள் ரெண்டு பேரும் உங்கள் வசதிக்கு முடிவு செய்யுங்கள். எந்த நாள், எந்த ஊரில் இருப்போம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். முடிந்தவர்கள் வழியில் வந்து சேர்ந்துகொள்ளட்டும். பெங்களூரு பையன் திருச்சியிலேயே சேரலாம். சென்னை மகள் ரயிலில் நேராக சிதம்பரத்தில் வந்து இறங்கலாம். எல்லாருக்கும் ஒத்துவருகிற தேதிக்காகக் காத்திருந்தால் முழங்கால் நம்மைக் கேட்காமலேயே ரிட்டயர் ஆகிவிடும்.

முதல் நாள் முக்கொம்பு. திருச்சியிலிருந்து மேற்கே சுமார் 18 கிலோமீட்டர். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவது இங்கேதான். வெள்ளைக்காரப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-38ல் இங்கே மேலணை கட்டினார். 2018 ஆகஸ்ட் 22-ம் தேதி இரவு, வெள்ளம் போய்க்கொண்டிருந்தபோது கொள்ளிடம் அணையின் 45 மதகுகளில் 9 இடிந்து விழுந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். பக்கத்திலேயே இப்போது புது அணை வந்துவிட்டது. பூங்காவில் உட்கார்ந்து பேரன் பேத்திக்கு இந்தக் கதையைச் சொல்ல ஒரு காலைப்பொழுது போதும்.

அப்படியே கிழக்கே கல்லணை. கரிகாலன் பெயர் சொல்லும் அணை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிந்து போவதையும், மிஞ்சுவது கொள்ளிடத்துக்குத் திரும்புவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முக்கொம்பு, கல்லணை, கொள்ளிடம் எங்கேயும் பிள்ளைகளை ஆழம் தெரியாத இடத்தில் இறக்க வேண்டாம். மணல் அள்ளிய பள்ளமும் சுழலும் மேலே நின்று பார்த்தால் தெரியாது. 'நாங்க சின்ன வயசுல நீந்தினோமே' என்று தாத்தாக்கள் பெருமை பேசுவதும் அந்த நேரத்தில் வேண்டாமே!

மறுநாள் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக அணைக்கரை. கொள்ளிடத்தின் கீழணை இங்கே இருக்கிறது. அதுவும் காட்டன் காலத்துக் கட்டுமானம்தான். இங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. 2004 முதல் வீராணத்திலிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறது. சென்னை மகள் வீட்டுக் குழாயில் வருவதில் ஒரு பங்கு நம் ஊரைத் தாண்டிப் போன தண்ணீர் என்று பேத்தியிடம் சொல்லிப் பாருங்கள், நம்பவே மாட்டாள்! போகிற வழியில் காட்டுமன்னார்கோயிலில் அரை மணி நேரம் நில்லுங்கள். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்துத் தந்த நாதமுனிகள் பிறந்த ஊர். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இறங்காமல் போனால் எப்படி?

இரவு சிதம்பரத்தில் தங்கல். பிச்சாவரம் அங்கிருந்து 15 கிலோமீட்டர்தான். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் 1,100 ஹெக்டேர் அளவுக்கு சதுப்புநிலக் காடு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு விடுகிறது. மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. என் ஓட்டு துடுப்புக்குத்தான். மரங்களின் வேர்கள் ரெண்டு பக்கமும் வளைந்து கூரை போட்ட மாதிரி இருக்கிற குறுகலான கால்வாய்களுக்குள் நுழைய அதுதான் தோது. சத்தமும் இல்லை, மூன்று தலைமுறையும் எதிரெதிரே உட்கார்ந்து பேசலாம். எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' (1975) படப்பிடிப்பு இங்கே நடந்தது. படகுக்காரர் சொல்வதற்கு முன் பாட்டி சொல்லிவிடுவார்.

சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்று பெயர் வரக் காரணமான தில்லை மரம் இந்தக் காட்டில்தான் வளர்கிறது. கோயிலின் தல விருட்சமும் அதுவே. படகிலிருந்து கையை நீட்டி இலையை ஒடிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் காட்டாதீர்கள். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7-ல் மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேர். அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதும், வேடிக்கை பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதும்தான் படகைக் கவிழ்க்கும். வெயிலுக்குக் கசகசக்கும், போட்டோவில் அழகாக இருக்காது, எல்லாம் சரி. பக்கிள் மாட்டிய பிறகுதான் படகு நகர வேண்டும். குழந்தைகளுக்குக் குழந்தைகள் சைஸ் கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் படகு வேண்டாம்.

படகில் ஏறி இறங்கும்போதுதான் பெரியவர்களுக்குத் தடுமாறும். ஒருவர் படகில், ஒருவர் கரையில் நின்று கை கொடுக்கட்டும். புடவையைவிட சுடிதார் வசதி. படகில் பாத்ரூம் கிடையாது. காலையில் நீர் மாத்திரை போடுபவர்கள், அன்றைக்கு எப்போது போடலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. தொப்பி, தண்ணீர் பாட்டில், செல்போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போதும்.

எப்போது போகலாம்? ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் கடலூர் மாவட்டம் படுகிற பாடு தெரிந்ததுதான். புயல் சின்னம் என்றால் படகை நிறுத்திவிடுவார்கள். பொங்கல் கழிந்த அடுத்த சில நாள்கள் என் தேர்வு. வெயில் ஏறியிருக்காது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும் என்பதால் காவிரியிலும் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். காவிரி கரை கொள்ளாமல் ஓடுவதையும் பார்க்க வேண்டும் என்றால் முக்கொம்பையும் கல்லணையையும் தனியாக ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு பிச்சாவரத்தில் கூட்டம் அள்ளும். அதனால் நீங்கள் ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமை காலை முதல் படகிலேயே ஒரு சுற்று போய்விடுங்கள். சனிக்கிழமை பிள்ளைகள் வந்ததும் இன்னொரு தடவை. முதல் சுற்று உங்களுக்கு, ரெண்டாவது பேரப்பிள்ளைகளுக்கு!

இது பிடித்துப்போய், படகிலேயே ராத்தங்க வேண்டும் என்று தோன்றினால் அடுத்தது ஆலப்புழை. காரைக்கால் - எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ் திருச்சி வழியாகத்தான் போகிறது. ரயிலில் முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது நின்றதுதான். ஆனால் 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. டிக்கெட் எடுக்கும்போது மறக்காமல் கேளுங்கள். படகுவீடு சாயங்காலமே ஓரிடத்தில் கட்டப்பட்டுவிடும், மீனவர்கள் வலை போடும் நேரம் அது. செலவு அதிகம் என்று தோன்றினால், ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குக் கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறை சாதாரணப் பயணிகள் படகு விடுகிறது. ஏறத்தாழ ரெண்டரை மணி நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காய்கறிக் கூடைகளும் கூடவே வரும். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காருங்கள்.