‘வாசிச்சனான்’ என்னும் வாசல்: யாழ்ப்பாணத் தமிழிலிருந்து ரஷ்யப் பேச்சுக்கு

மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் 1960இல் தொடங்கியது. மறு ஆண்டு லுமும்பாவின் பெயரை ஏற்றது. புலமைப்பரிசில் பெற்று இலங்கையிலிருந்து அங்கு போனவர்களில் யாழ்ப்பாணத்தாரும் இருந்தனர். முதலில் ஆயத்த வகுப்பில் மொழி படிக்கவேண்டும். அதே 1960இல் பியத்திகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்-ரஷ்ய அகராதி மொஸ்கோவில் வெளிவந்தது. அது தமிழ் படிக்கும் ரஷ்யருக்கு உதவியது. எதிர்த்திசையில் வந்த நம்மவருக்குப் பெரும்பாலும் ஆங்கிலமே துணை. இன்றும் நிலைமை அதிகம் மாறவில்லை. ஆங்கிலம் இங்கே சுற்றுவழி. வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழே குறுக்குவழி என்பது என் வாதம்.

எளிய வாக்கியங்களில் இது உடனே தெரியும். ‘நான் மாணவன்’ என்பதில் ஆங்கிலம் கேட்கும் துணைவினையும் சுட்டிடைச்சொல்லும் ரஷ்யத்துக்கும் வேண்டாம். ‘என்னிடம் புத்தகம் இருக்கு’, ‘எனக்குக் குளிருது’, ‘எனக்கு இருபது வயது’ ஆகியவற்றை ரஷ்யரும் ஏறத்தாழ இப்படியே அமைப்பர். எட்டு வேற்றுமையோடு வளர்ந்தவருக்கு ஆறு வேற்றுமை புதினமல்ல, முன்னிடைச்சொற்கள்தாம் புதினம்.

வினைதான் சுவையான இடம். ரஷ்ய வினை பெரும்பாலும் இரட்டையாக வரும்: ‘வாசித்தான்’ என்பதற்குச் ‘சித்தால்’, ‘ப்ரச்சித்தால்’. முன்னதை ‘முற்றுப்பெறாத வினை’ என்று விளக்குவது வழக்கம். அதனாலேயே குழப்பம் வருகிறது: புத்தகத்தை முழுக்க வாசித்தவர்கூட ‘சித்தால்’ என்கிறாரே! யாழ்ப்பாணத்தில் ‘அந்தப் புத்தகம் வாசிச்சனான்’ என்றால், வாசித்த அனுபவம் உண்டு என்பதே செய்தி. பாதியில் விட்டதாக எவரும் எண்ணார். முடித்ததை அழுத்திச் சொல்ல ‘வாசிச்சிட்டன்’ இருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தாய்மொழியில் நாள்தோறும் கையாள்பவருக்கு ஆங்கில இறந்தகால விளக்கம் எதற்கு? பொருத்தம் முழுமையானதல்ல. ‘முந்தி அங்க போறனான்’ என்று வழக்கத்தைத் தனி வடிவில் நாம் பிரிக்கிறோம். ரஷ்யம் அதையும் முதல் வினைக்குள்ளேயே அடக்கிவிடும்.

உறவு இன்னும் ஆழமானது. ரஷ்ய இறந்தகால வினைமுற்று ஒருகாலத்தில் எச்ச வடிவம். உடன் நின்ற துணைவினை உதிர்ந்துபோயிற்று. ஆகவேதான் அது இடம் காட்டாமல் பால் காட்டுகிறது: அவன் ‘சித்தால்’, அவள் ‘சித்தாலா’. நம் ‘அவர் வந்தவர்’, ‘அவ வந்தவ’ என்பனவும் வினையாலணையும் பெயர் பயனிலையாக நின்றவை. தன்மையில் வழி பிரிகிறது. ‘வாசிச்சனான்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ரஷ்யத்தில் பெண் தன்னைப் பற்றியும் ‘சித்தாலா’ என்றே சொல்லவேண்டும். ஆண் ஆசிரியரின் வாயைப் பார்த்துப் படிக்கும் மாணவி இதில் வழுக்குவது இயல்பு.

ஒலியிலும் ஆங்கிலம் கெடுக்கிறது. ஆங்கிலத்தின் நுனியண்ண ஒலியை நாம் ‘பற்றறி’, ‘ரொறன்ரோ’ என்று ற, ர இட்டு எழுதுகிறோம். ரஷ்ய ஒலியோ பல்லைத் தொடும் தகரம். ‘புத்துயிர்ப்பு’ நாவலின் மொஸ்கோத் தமிழ்ப் பதிப்பு ஆசிரியர் பெயரைத் ‘தல்ஸ்தோய்’ என்று அச்சிட்டது. ‘டால்ஸ்டாய்’ ஆங்கிலம் தந்த உருவம்.

ஆனால் தமிழ் எழுத்தில் ரஷ்யத்தைக் குறித்துப் படிப்பது ஆபத்து. வீட்டுக்கும் நூல் தொகுதிக்கும் உள்ள இரு சொற்களும் நம் எழுத்தில் ‘தோம்’. முன்னதன் முதலொலி அதிர்வுடையது. சகோதரனும் எடுத்தலும் இரண்டுமே ‘ப்ராத்’. இறுதி மெய்யின் மென்மைதான் வேறுபாடு. இதற்கு நம்மிடம் குறியில்லை. ரஷ்ய நெடுங்கணக்கை முதல் வாரத்திலேயே கற்பது சிக்கனம்.

பேச்சுத் தமிழ் கைவிடும் இடமும் உண்டு. நமக்கு நீ, நீர், நீங்கள் என மூன்று படி, ரஷ்யருக்கு இரண்டே. இங்கே ஆசிரியர் மாணவனை ‘நீர்’ என்பார். மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் அதே மாணவனைப் பேராசிரியர் பன்மை மரியாதையில் அழைக்கலாம். அதைக் கேட்டுத் தன்னோடு இன்னொருவர் நிற்கிறாரோ என்று அவன் திரும்பிப் பார்க்கவேண்டியதில்லை.