அறிதிறன் சேமிப்பு

அறிதிறன் சேமிப்பு என்பது, முதுமையாலோ நோயாலோ மூளையில் ஏற்படும் சிதைவைத் தாங்கிக்கொண்டு நினைவு, சிந்தனை, மொழி ஆகியவற்றைத் தொடர்ந்து இயக்க மூளைக்கு உள்ள ஆற்றலைக் குறிக்கும் கருத்தாகும். கல்வி, தொழில், பிறருடன் பழகுதல் போன்றவற்றால் இது வாழ்நாள் முழுவதும் வளர்கிறது எனக் கருதப்படுகிறது. டிமென்சியா எனப்படும் மறதிநோய் சிலருக்கு முன்னதாகவும் சிலருக்குத் தாமதமாகவும் வெளிப்படுவதை விளக்க இக்கருத்து பயன்படுகிறது.

கருத்தின் தோற்றம்

1988 ஆம் ஆண்டில் அமெரிக்க நரம்பியலாளர் இராபர்ட் காட்சுமன் குழுவினர், இறந்த முதியோரின் மூளைகளை ஆய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆல்சைமர் நோய்க்குரிய படிவுகள் மிகுந்திருந்தும், வாழ்நாளில் நல்ல நினைவாற்றலுடன் இருந்த சிலரை அவர்கள் கண்டறிந்தனர். பின்னர் யாக்கோவ் இசுடெர்ன் இக்கருத்தை விரிவாக்கினார்.

இதனைப் புதுச்சேரியின் தெரு அமைப்பைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நேர்க்கோடுகளாகக் குறுக்கும் நெடுக்கும் செல்லும் அந்நகரின் பழைய தெருக்களில் ஒன்று அடைபட்டாலும், அடுத்த தெரு வழியே கடற்கரையை அடையலாம். அதுபோல, மாற்று இணைப்புகள் மிகுந்த மூளை, சேதத்தைச் சுற்றிக்கொண்டு செயற்படுகிறது.

இருமொழிப் பயன்பாடு

ஐதராபாத்தில் உள்ள நிசாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளர்களை ஆய்ந்து, 2013 இல் முடிவுகளை வெளியிட்டனர். இருமொழி பேசுவோருக்கு, ஒரு மொழி மட்டும் பேசுவோரைவிடச் சராசரியாக 4.5 ஆண்டுகள் தாமதமாக நோய் தொடங்கியிருந்தது. எழுத்தறிவு இல்லாதவர்களிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது குறிப்பிடத்தக்கது. எனினும், முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வேறு சில ஆய்வுகளில் இப்பயன் தெளிவாகத் தென்படவில்லை. எனவே இது இன்னும் விவாதத்துக்கு உரியதாகவே உள்ளது.

புதுச்சேரிச் சூழல்

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகத்து 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. பிரெஞ்சு ஆட்சியின் தொடர்ச்சியாக, தமிழுடன் பிரெஞ்சும் அறிந்த முதியோர் இந்நகரில் உள்ளனர். 1827 இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகம் வாசிப்புக்கு இடமளிக்கிறது. கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகள் செல்லத் தடை இருப்பதால், முதியோர் அச்சமின்றி நடக்கலாம். நடை, வாசிப்பு, உரையாடல் ஆகியவை பொருட்செலவு இல்லாத மூளைப் பயிற்சிகள் ஆகும்.

மறதியும் மறதிநோயும்

கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது வயதின் இயல்பாக இருக்கலாம். நன்கு பழகிய தெருவில் வழி தவறுதல், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டல், பணக் கணக்கில் தொடர்ந்து தடுமாறுதல் ஆகியவை நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுவது ஆபத்தானது. உயிர்ச்சத்து பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டதால் உண்டாகும் இரத்தக்கட்டு போன்றவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு.

சேமிப்பு மிகுந்தவர்களிடம் நோய் நெடுநாள் மறைந்திருக்கலாம். அறிகுறி தோன்றிய பின் நிலைமை விரைவாக மோசமடையவும் கூடும். ஆகவே நன்கு படித்தவர் என்பதற்காக அவருடைய தடுமாற்றத்தைப் புறக்கணித்தல் கூடாது.

காக்கும் வழிகள்

லான்செட் ஆணையம் 2024 இல் மாற்றத்தக்க 14 காரணிகளைப் பட்டியலிட்டது. இவை அனைத்தையும் நீக்கினால் உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என அது மதிப்பிட்டது. அவற்றுடன் தொடர்புடைய வழிகளுள் சில பின்வருமாறு:

- நடுவயது முதலே இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைத்தல்
- செவித்திறன், பார்வைக் குறைகளுக்கு உரிய கருவியோ சிகிச்சையோ பெறுதல்
- புகையையும் மிகையான மதுவையும் தவிர்த்தல்
- நாள்தோறும் உடலுழைப்பு
- தனிமையைத் தவிர்த்தல்

கணினி வழி நினைவு விளையாட்டுகள் பெரும்பாலும் அந்தந்த விளையாட்டில் மட்டுமே திறனைக் கூட்டுகின்றன. புதிய மொழியையோ கலையையோ பிறருடன் சேர்ந்து கற்பது மனத்துக்குப் பயிற்சியையும் தோழமையையும் ஒருங்கே தருகிறது. இச்சேமிப்பு முதுமையில் திடீரெனத் தொடங்கப்படுவதன்று. பள்ளிப் பருவத்திலேயே தொடங்குகிறது.