கிரீடம் வைத்த கிடா!

ராஜா ஓர் ஆடு. ராணி, ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமி. கதையில்லை, நிஜம்!

அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில் கில்லார்கிளின் என்று ஒரு சின்ன ஊர். ஆகஸ்ட் 10, 11, 12 தேதிகளில் அங்கே ‘பக் சந்தை’. ஐரிஷ் மொழியில் ‘போக்’ என்றால் ஆட்டுக்கிடா. மலையிலிருந்து காட்டுக் கிடா ஒன்றைப் பிடித்து வந்து, அந்தச் சிறுமி கையால் கிரீடம் சூட்டுவார்கள்.

ஏன் ஆடு? ஊர்ப் பெரிசுகளைக் கேட்டால் கிராம்வெல் கதை சொல்வார்கள். 1649-ல் இங்கிலாந்திலிருந்து படையோடு வந்திறங்கினாரே, அதே கிராம்வெல்! அவருடைய சிப்பாய்களைப் பார்த்து மிரண்ட கிடா ஒன்று ஊருக்குள் ஓடிவர, ‘ஏதோ ஆபத்து’ என்று ஜனங்கள் உஷாராகிவிட்டார்களாம். அந்த நன்றிக்கடன்தான் கிரீடம்.

கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால், ஓரிடத்தில் இடிக்கிறது. இங்கே சந்தை நடத்த இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் பட்டயம் கொடுத்தது 1613-ல். கிராம்வெல் வருவதற்கு 36 வருஷம் முன்பே! ஆக, சந்தையை ஆரம்பித்து வைத்தது அந்த ஆடு இல்லை. கிரீடம் வேண்டுமானால் பிற்பாடு வந்திருக்கலாம்.

இருந்தும் ஜனங்கள் கதையை விடவில்லை. பட்டயம் தந்த ராஜாவை யார் நினைக்கிறார்கள்? ஊரைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் ஆடுதான் அவர்களுக்கு ராஜா.

2022-ல் கடும் வெயில். உயரமான மேடையில், கூண்டுக்குள் நின்றிருந்த ராஜாவைக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. மிருகவதை என்று கண்டனங்கள் வேறு.

ஊரைக் காத்த ஆட்டை, ஊர் காக்க வேண்டிய முறை இப்போது!