பதக்கமும் பெயரற்றவர்களும்

பதின்பருவத்துப் பிள்ளைகளுக்கு நாவல் தேர்ந்தெடுத்துத் தரக் கேட்பவர்கள் 'அவார்டு வாங்குனதா பாத்துக் குடுங்க' என்று சேர்த்தே சொல்கிறார்கள். வாசிப்பதற்கு முன்பே பதக்கம் தீர்ப்பாகிவிடுகிறது. தீர்ப்புச் சொன்னது யார் என்று எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் கேட்டிருக்கிறார்கள்.

அங்கே நூலகச் சங்கம் 1922 முதல் நியூபெரி பதக்கம் வழங்கி வருகிறது. அளவுகோல் இலக்கியத் தரம். நிறமே இல்லாததுபோல் தோன்றும் சொல். 1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார். 1962 முதல் 1964 வரை வந்த 5,206 சிறார் நூல்களில் ஒரு கறுப்பினத்தவராவது தலைகாட்டியவை 349. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. அவற்றிலும் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு வெளியிலோ இரண்டாம் உலகப் போருக்கு முந்தியோ நடப்பவை. 'தரம்' இந்த அலமாரியிலிருந்துதான் பொறுக்கப்பட்டது.

1970இன் நியூபெரி 'சவுண்டர்' நாவலுக்குப் போனது. எழுதிய வில்லியம் ஆம்ஸ்ட்ராங் வெள்ளையர். பசிக்கு இறைச்சி திருடிய கறுப்பினக் குத்தகை விவசாயியைப் பிடித்துப்போய்க் கடுங்காவலில் வேலை வாங்குகிறார்கள். மகன் அவனைத் தேடி அலைகிறான். சும்மா சொல்லக்கூடாது, மனசைப் பிழியும் கதை. ஆனால் அப்பன், ஆத்தா, பையன் ஒருத்தருக்கும் பெயரில்லை. நாய்க்கு மட்டும் உண்டு, அதுவே தலைப்பும். பெயரின்மை துயரத்தைப் பொதுமையாக்குகிறது என்று வாதிடலாம். யாருடைய பெயரைத் துடைத்து இந்தப் பொதுமை என்பதே என் கேள்வி.

அதே 1970இல்தான் கொரெட்டா ஸ்காட் கிங் விருது முதன்முறை வழங்கப்பட்டது. அதுவரை எந்தக் கறுப்பின எழுத்தாளரும் நியூபெரி பெற்றிருக்கவில்லை. முந்தைய ஆண்டு நூலகர் மாநாட்டில் சந்தித்த மேபல் மெக்கிசிக், கிளிண்டன் கிரீர் என்ற இரு பள்ளி நூலகர்களின் பேச்சில் பிறந்த விருது இது. நூலகச் சங்கம் இதை முறைப்படி ஏற்றது 1982இல். இடையில், 1975இல், வர்ஜீனியா ஹாமில்டனுக்கு நியூபெரி கிடைத்தது. தனி விருது தனிச் சேரி ஆகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஊர் இடம் விடாத வரைக்கும் அதைக் கேட்கிற யோக்கியதை ஊருக்கு இல்லை.

பதின்பருவ வாசகர்களுக்கென்றே பிரின்ட்ஸ் விருது வந்தது 2000இல். முதலில் பெற்றது வால்டர் டீன் மையர்ஸ் எழுதிய 'மான்ஸ்டர்'. கொலை வழக்கில் மாட்டிய பதினாறு வயது ஹார்லெம் பையன் ஸ்டீவ் ஹார்மன். அரக்கன் என்கிறது அரசுத் தரப்பு. அவனோ தன் விசாரணையைத் தானே திரைக்கதையாக எழுதுகிறான். சட்டத்தின் பிரதிக்கு எதிராக அவனுடைய பிரதி.

'சவுண்டரை' என் பட்டியலிலிருந்து நான் எடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறேன். படித்த பிள்ளைகள் முதலில் கேட்பது, ஸ்டீவ் குத்தவாளியா இல்லையா என்றுதான். நாவல் அதைச் சொல்வதில்லை.