ஒற்றைக் கட்டில் ஆஸ்பத்திரி

கொல்கத்தா பக்கத்து ரயில் ஒன்று காட்பாடியில் வந்து நிற்கும்போது பாருங்கள். இறங்குகிறவர்களில் பலர் கையில் எக்ஸ்ரே உறையும் பழைய மருந்துச்சீட்டு அடைத்த பையும் இருக்கும். வேலூர் சிஎம்சி மருத்துவமனை வாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் பலகைகளை வங்காள மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் முதல் திறந்த இதய அறுவை சிகிச்சைகளில் ஒன்று 1961இல் இங்கேதான் நடந்தது. இத்தனைக்கும் காரணமான பெண்மணிக்கு, இளவயதில் மருத்துவமும் வேண்டாம், இந்தியாவும் வேண்டாம் என்றிருந்தது.

ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல பெயரோடு தொழில் செய்த டாக்டர். நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில் ஒரு மிஷனரிப் பிரசுரத்தை எடுத்துப் படித்தார். அதுவே 1819இல் அவரைக் கப்பலேற்றி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் கொண்டுவந்து விட்டது. அவருடைய மகன்களில் ஏழு பேர் இந்தியாவில் ஊழியம் செய்தார்கள். அவர்களில் ஒருவரும் டாக்டருமான இரண்டாம் ஜான்தான் ஐடாவின் தகப்பனார். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்கு வழி முன்பே போட்டுவைத்தது போலத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், எலும்பும் தோலுமாய் வந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்த சின்னப் பெண் அவர். அந்தக் காட்சி மனதில் தங்கிவிட்டது. அமெரிக்காவுக்குப் போய்ப் பள்ளிப் படிப்பை முடித்தபின், நான் மிஷனரியாக மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தார். அங்கேயே கல்யாணம், அங்கேயே வாழ்க்கை என்பதுதான் அவர் போட்ட கணக்கு.

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கடிதம் வந்தது. 1890இல் திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுவதாகத்தான் திட்டம்.

அங்கே இருந்த நாட்களில் ஓர் இரவு, மிஷன் பங்களா வராந்தாவில் ஒரு பிராமண இளைஞர் வந்து நின்றார். இளம் மனைவிக்குப் பிரசவ வேதனை, குழந்தை வெளியே வரவில்லை, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். அப்பா டாக்டர்தான், கூட்டி வருகிறேன் என்றார் ஐடா. ஆண்பிள்ளை டாக்டர் எங்கள் வீட்டுப் பெண்களைப் பார்க்கக் கூடாது, நீங்கள்தான் வரவேண்டும் என்றார் அவர். எனக்கு ஒன்றும் தெரியாதே என்று ஐடா சொன்னதும் திரும்பிப் போய்விட்டார். அடுத்து ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேதனை, அதே பதில். பிறகு மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்தவரும் வந்து அதையே கேட்டுவிட்டுப் போனார். மனைவிமேல் பாசமில்லாதவர்களாக இருந்தால் அந்த அகாலத்தில் அவர்கள் வந்து கெஞ்சியிருக்க மாட்டார்கள். கட்டுப்பாட்டை மீற மட்டும் அவர்களால் முடியவில்லை. ஐடா அன்றிரவு தூங்கவில்லை. விடிகிற நேரத்தில் ஊருக்குள் இருந்து பறையொலி கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

அன்று காலையிலேயே, நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டார்.

தேவசித்தத்தை அறிந்துகொள்ள இன்று நம் வாலிபர் கூட்டங்களில் சொல்லித்தரும் முறையை இந்த இரவோடு வைத்துப் பார்க்கிறேன். உனக்கு என்ன தாலந்து இருக்கிறது, எதைச் செய்யும்போது மனம் நிறைகிறது, அதில் உன் அழைப்பைத் தேடு என்கிறோம். அது தவறில்லை. ஆனால் ஐடாவிடம் அன்று எந்தத் தாலந்தும் இல்லை. அவருடைய விருப்பமோ கப்பல் டிக்கெட்டின் பக்கம் இருந்தது. அழைப்பு வந்தது அவருடைய உள்ளத்துக்குள்ளிருந்து அல்ல, வராந்தாவிலிருந்து. அதுவும் அவரால் செய்யவே முடியாத ஒன்றைக் கேட்டு வந்தது. அனுபவமுள்ள மருத்துவர் அதே வீட்டில் இருந்தும் அந்த மூன்று பெண்களுக்கு உதவ முடியவில்லை. அங்கே வேண்டியிருந்தது ஒரு பெண் டாக்டர். அந்த வீட்டில் அதற்குப் படிக்கக்கூடிய வயதில் இருந்தது அவர் ஒருவர்தான். கர்த்தர் அழைக்கிற விதம் பல நேரம் இப்படித்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நமக்கு என்ன பிடிக்கும் என்ற கேள்வி அங்கே வெகு பின்னால்தான் வருகிறது.

அந்த மூன்று பெண்களின் பெயரை இந்தக் கதையைச் சொல்கிற யாரும் சொல்வதில்லை. சிஎம்சி பிறந்த கதையில் அவர்களுக்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும்.

அழைப்பு ஒரே இரவில் வந்தது. கீழ்ப்படிய வருஷக்கணக்கில் ஆயிற்று. உடற்கூறும் வேதியியலும் படித்து, 1899இல் நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அங்கே பெண்கள் பட்டம் பெற்ற முதல் வகுப்பு அது. புறப்படும் முன் பெண்களுக்கான மருத்துவமனைக்குப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. ஓர் அம்மையாரின் வீட்டில் ஐடா நிலைமையை விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் இருந்த முதியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ராபர்ட் ஷெல் என்கிற வங்கி அதிபர். காலமான தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900 பிறந்தபோது ஐடா வேலூரில் இருந்தார். கூட வந்தவர் தோழி ஆனி ஹான்காக். தகப்பனாரிடம் கொஞ்ச காலமாவது தொழில் பழகலாம் என்ற நினைப்பில் மண் விழுந்தது. அந்த வருஷம் மே மாதமே அவர் காலமானார். சொல்லித்தர ஆளில்லாமல், பங்களாவில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், ஒரே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் தொடங்கினார். ஜன்னல் வழியாக மருந்து கொடுப்பார். வெள்ளைக்காரப் பெண்ணிடம் வர ஜனங்கள் முதலில் தயங்கினார்கள். வீட்டில் வேலை பார்த்தவரின் மனைவி சலோமி காயம் கட்டவும் மருந்து கலக்கவும் பழகி முதல் துணையானார். இரண்டே வருஷத்தில் 5,000 பேருக்கு வைத்தியம் நடந்தது. 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு எழுந்தது.

ஆனி ஹான்காக் வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசியவர். அவர் பெயரில் பெரிய கட்டடம் எதையும் நான் அறியேன். சலோமி படிப்பறிவைக் கொண்டு இந்த வேலைக்கு வந்தவரல்ல. என்றாலும் இவர்களுக்கும் அழைப்பு இருந்தது. ஐடாவுக்கு வந்தது போல இரவில் கதவைத் தட்டி வராவிட்டால் அது அழைப்பில்லை என்று நம் பிள்ளைகளை நினைக்க விட்டுவிடக் கூடாது.

ஒரு டாக்டர் போதாது என்பது ஐடாவுக்குச் சீக்கிரமே புரிந்தது. 1909இல் நர்ஸ்களுக்குப் பயிற்சி தொடங்கினார். அதே காலத்தில் ஒரு பிஜோ கார் வந்தது. சாலையோரம் மரத்தடியில் நிறுத்தினால் சுற்றுக் கிராமத்தார் புண்ணோடும் காய்ச்சலோடும் காத்திருப்பார்கள். அடுத்ததாக, இந்தியப் பெண்களையே டாக்டராக்கப் பள்ளி வேண்டும் என்று கேட்டார். மூன்று பேர் விண்ணப்பித்தாலே உங்கள் அதிர்ஷ்டம் என்றார் சென்னை மாகாண மருத்துவத் துறைத் தலைவர் கர்னல் பிரைசன். 1918 ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது 151 விண்ணப்பங்கள் வந்திருந்தன. முதல் வருஷப் பரீட்சை மாகாணம் முழுவதற்கும் பொதுவானது. ஆண்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். ஐடாவின் மாணவிகள் எழுதிய 14 பேரும் தேறினார்கள். திண்டிவனத்தில் அன்று ஒரு பெண் டாக்டர் இல்லாமல் போனதற்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. 1942இல் அந்தப் பள்ளி எம்பிபிஎஸ் கல்லூரியானது. 1947இல் ஆண்களுக்கும் இடம் கிடைத்தது.

ஐடா 1960இல், 89ஆவது வயதில், கொடைக்கானலில் காலமானார். அழைப்பு அவரோடு நின்றுவிடவில்லை. அவர் மறைவதற்கு ஆறு வருஷம் முன்பு, வேலூரில் பயிற்சியில் இருந்த மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் கார் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். இனி எதற்கு நான் என்று அவர் தவித்திருந்தபோது, தொழுநோயாளிகளின் விரல்களைச் சீராக்கிவந்த டாக்டர் பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே கை அறுவை செய்யலாமே என்று ஊக்கப்படுத்தினார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கத்தியைக் கையில் எடுத்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். தண்டுவடம் அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மையத்தை சிஎம்சி 1966இல் திறந்தபோது, அந்தத் துறைக்குத் தலைவர் அவர்தான்.